கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: இனுயிட் விலங்குச் சிற்பங்களை அறிந்துகொள்ள

கனடாவின் வின்னிபெக்கில் ஒரு கலைக்கூடத்தின் பின்னறையில், வடக்கே ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களிடமிருந்து வரும் சிற்பங்களைப் பிரித்து வைப்பதும் வாங்கியவர்களுக்குப் பெட்டி கட்டி அனுப்புவதும் என் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிற்பத்தைப் பார்ப்பதற்கும் அதையே இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எடை எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே வழவழப்பு, எங்கே அரத்தின் தடம் அப்படியே கிடக்கிறது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும்.

கையில் எடுத்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். தலைகீழாகத் திருப்பி, அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் முகம் மலரும், இல்லாவிட்டால் திரும்ப வைத்துவிடுவார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் விலங்கைப் பாருங்கள், அப்புறம் கல்லை, கையெழுத்தைக் கடைசியில். நாலு எழுத்தை எவரும் ஆணியால் கீறிவிடலாம். சீல் என்னும் கடல்நாய் பனிக்கட்டிமேல் எப்படிப் படுத்திருக்கும் என்பதைப் பார்க்காத ஒருவரால் கல்லில் கொண்டுவர முடியாது.

முதலில் விலங்கு

பனிக்கரடியில் தொடங்கலாம், அதிகம் கண்ணில் படுவது அதுதான். மற்றக் கரடிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது கழுத்து. நீளமான கழுத்து, நெற்றியிலிருந்து மூக்கு வரை ஏறக்குறைய நேராக ஓடும் கோடு, சின்னக் காதுகள், அகலமான முன்பாதங்கள். தோளில் பழுப்புக் கரடிக்கு உள்ள திமில் இதற்குக் கிடையாது. பின்பக்கம் தோளைவிடச் சற்று உயர்ந்திருக்கும். நீந்தும் கரடியைச் செதுக்கியிருந்தால் பின்கால்களைக் கவனியுங்கள். பனிக்கரடி முன்கால்களால்தான் நீரைத் தள்ளும். பின்கால்கள் சுக்கான் வேலையைப் பார்த்தபடி பின்னால் நீண்டு கிடக்கும். நல்ல சிற்பத்தில் இது அப்படியே இருக்கும். நான்கு காலும் நாயைப் போல் அடித்துக்கொண்டிருந்தால் செதுக்கியவர் கரடியைத் தண்ணீரில் பார்த்திருக்கிறாரா என்று சந்தேகப்படலாம்.

ஆடும் கரடி தனி வகை. ஒற்றைக் காலில் நின்று மற்றக் கால்களை வீசியிருக்கும். இதைப் புகழ்பெறச் செய்தவர் 2009இல் மறைந்த பௌடா சாய்லா. பேஃபின் தீவின் தெற்கே உள்ள கின்ஙைட் ஊர்க்காரர். அந்த ஊரின் பழைய பெயர் கேப் டோர்செட். அவருடைய கரடி கனத்தது, கட்டையானது. அவ்வளவு பாரமும் ஒரே காலில் நிற்கும். அதே ஊரின் நூனா பார் செதுக்கிய ஆடும் கரடிகள் மெலிந்து நீண்டு வளைந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே விலங்கு, ஒரே ஊர், ஒரே வகைக் கல், ஆனால் இரண்டு மனிதர்கள். பார்வை பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சீலையும் வால்ரஸையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், குறிப்பாகத் தந்தம் விழுந்துபோன பழைய துண்டுகளில். பின்துடுப்புகளைப் பார்த்தால் போதும். வால்ரஸ் அவற்றை முன்னால் மடக்கி உடலுக்கு அடியில் வைத்து நடக்கும். சீலால் அது முடியாது. அதன் பின்துடுப்புகள் எப்போதும் பின்னோக்கியே கிடக்கும். சீல்களிலும் இரண்டு அடிக்கடி வரும். வளையச் சீல் சிறியது, உருண்டையானது. தாடிச் சீல் பெரியது. உடலுக்குத் தலை சின்னதாகத் தெரியும், முன்துடுப்பு சதுரமாக வெட்டியதுபோல் இருக்கும், மீசை அடர்த்தி. தலையைத் தூக்கிய சீல் என்றால் அது சும்மா அழகுக்காகத் தூக்கியதல்ல. பனிக்கட்டிமேல் தூங்கும் சீல், கரடி வருகிறதா, மனிதன் வருகிறானா என்று அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்கும். வேட்டைக்காரர் அது தலை சாயும் இடைவெளியில்தான் நகர்வார். அந்தத் தலையைச் செதுக்கியவருக்கு அந்தக் காத்திருப்பு தெரியும்.

திமிங்கிலங்களில் முதுகைத் தடவிப் பாருங்கள். வடக்கே இனுயிட் மக்கள் வேட்டையாடும் பெலுகா, நார்வால், வில்தலைத் திமிங்கிலம் மூன்றுக்குமே முதுகுத்துடுப்பு கிடையாது. உயரமான துடுப்பு இருந்தால் அது ஓர்க்கா. பெலுகாவுக்கு உருண்ட நெற்றி. நார்வாலின் கொம்பு உண்மையில் பல். பெரும்பாலும் ஆணின் இடப்பக்கத்து மேல்பல். அதன் முறுக்கு எப்போதும் இடப்புறமாகவே சுற்றும். கொம்பு நட்ட நடுவில் நிமிர்ந்து நின்றால் அவசரத்தில் பொருத்தியது என்று நினைப்பேன். வில்தலைக்கு உடலில் மூன்றில் ஒரு பங்கு தலை, வளைந்த பெரிய வாய்.

கஸ்தூரி எருதுக்கு நெற்றியில் தகடு மாதிரி அகன்று, கன்னத்தோரமாக இறங்கி, நுனியில் மேலே திரும்பும் கொம்பு. மயிர் ஏறக்குறைய தரை வரை தொங்குவதால் கால் கொஞ்சம்தான் தெரியும். இந்த மயிரைச் செதுக்கும் விதத்தில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கிம்மிருட் ஊர்ச் சிற்பிகள் சிலர் இழை இழையாகக் கீறிக் காட்டுவார்கள். பேக்கர் லேக் ஊரில் கடினமான கறுப்புக் கல். அங்கே 2017இல் மறைந்த பார்னபஸ் அர்னாசுங்காக் மயிரைத் தனித்தனியாகக் காட்டாமல், எருது முழுவதையும் ஒரே மலைபோன்ற திரளாக நிறுத்திவிட்டார். எனக்கு மிகப் பிடித்தவை இவருடைய எருதுகள்தான். அவற்றைத் தூக்கும்போது விலங்கின் பாரமே கையில் ஏறுவதுபோல் இருக்கும்.

கரிபு மானில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு என்பதால் கொம்பை வைத்து ஆண் என்று முடிவு கட்ட வேண்டாம். 2005இல் மறைந்த ஓசுயிடோக் இபீலி கரிபுவின் மெல்லிய கால்களைக் கல்லில் கொண்டுவந்த விதம் நம்ப முடியாதது. அத்தனை ஒல்லியான கால்கள் உடலைத் தாங்கும்படி கல்லின் எடையை அவர் கணக்குப் பார்த்திருக்கிறார்.

பறவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பனி ஆந்தைக்கு உருண்ட தலை, காதுக் கொண்டை தெரியாது, கால் வரை இறகு. அண்டங்காக்கைக்குத் தடித்த அலகு. லூன் பறவைக்குக் கூர்மையான நீள அலகு, நீரில் தாழ்ந்த உடல். சிறகுகளை மேலே உயர்த்தி நிற்கும் வழவழப்பான பறவையைக் கண்டால் அது ஏப்ரஹாம் எடுங்கட் செதுக்கியதாக இருக்கலாம் என்று யோசியுங்கள். நாயா ஓநாயா என்ற சந்தேகத்துக்கு வாலைப் பாருங்கள்: முதுகின்மேல் சுருண்டிருந்தால் நாய்.

ஒன்றை மட்டும் தவறாக எண்ணிவிடாதீர்கள். கரடியின் உடலில் மனித முகம், பறவையின் காலில் மனித விரல், மீன்வால் கொண்ட பெண் என்றெல்லாம் வந்தால் விலங்கு தெரியாமல் செதுக்கியதாக அர்த்தமில்லை. ஆவிகளோடு பேசும் அங்கக்குக் என்பவர் விலங்காக மாறும் கணம் அது. மீன்வால் பெண் கடல் விலங்குகளுக்கெல்லாம் தாயான தெய்வம். இத்தகைய சிற்பத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்த்து முடித்துவிடக் கூடாது. மெதுவாகச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் கரடி, மறுபக்கம் மனிதன்.

அப்புறம் கல்

எல்லாவற்றையும் மாக்கல் என்று சொல்லும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. உண்மையில் மாக்கல் ஒரு பகுதிதான். உண்மையான மாக்கல் மிருதுவானது. டால்க் என்ற கனிமம் அதிகம் உள்ளதை நகத்தாலேயே கீறலாம். கின்ஙைட்டிலிருந்து வரும் பச்சைக்கல் செர்பென்டைன், நகம் அதில் இறங்காது. சிற்பிகள் கோடையில் படகேறிப் போய்ப் பாறையை உடைத்து எடுத்துவருவார்கள். கிம்மிருட் கல்லில் பச்சை ஆப்பிளின் நிறம் வரும். ஹட்சன் விரிகுடாத் தீவொன்றில் உள்ள சனிகிலுவாக் ஊரின் ஆர்ஜிலைட் கல்லில் அடுக்கடுக்காகக் கோடுகள் ஓடும். அங்கே பறவை செதுக்குபவர்கள் அந்தக் கோடுகளைச் சிறகின் வளைவோடு சேர்த்துவிடுவது பார்க்கப் பார்க்கச் சலிக்காது. ஆர்வியாட்டில் கல் சாம்பல் நிறம், கடினம். அதனால் அங்கே நுணுக்கம் குறைவு, உருவத்தின் முக்கியக் கோடுகள் மட்டும் மிஞ்சும். சிலர் அதை முடிக்காத வேலை என்று நினைக்கிறார்கள். அது கல்லோடு சிற்பி செய்துகொண்ட உடன்பாடு.

கியூபெக்கின் வடகோடியில் இருக்கும் நுனாவிக் பகுதியின் புவிர்னிடுக் போன்ற ஊர்களின் பழைய சிற்பங்களில், சாம்பல் கல்லின் மேற்பரப்பைக் கறுப்பாக்கி, அதில் கீறி வெளிறிய கோடுகள் எடுத்திருப்பார்கள். இந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

கல்லை வைத்து ஊரை ஊகிக்கலாம், உறுதி சொல்ல முடியாது. ஒட்டாவாவிலும் மொன்றியலிலும் வாழும் இனுயிட் சிற்பிகள் பிரேசிலிலிருந்து வரும் மாக்கல்லை வாங்கிச் செதுக்குகிறார்கள். அந்தச் சிற்பமும் இனுயிட் சிற்பம்தான். கல் எங்கிருந்து வந்தது என்பது வேறு, கை யாருடையது என்பது வேறு.

கல்லைத் தவிர, வால்ரஸ் தந்தமும் மான்கொம்பும் திமிங்கில எலும்பும் உண்டு. வால்ரஸ் தந்தத்தின் வெட்டுமுகத்தில் நடுப்பகுதி பளிங்குத் துகள்களைக் கலந்ததுபோல் தெரியும். யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். இதைத் தெரிந்துகொண்டால் இரண்டையும் குழப்ப வழியில்லை. எலும்புச் சிற்பத்துக்கு நீண்டகாலம் வெளியில் கிடந்து காய்ந்த பழைய எலும்புதான் நல்லது. புதிய எலும்பில் எண்ணெய் ஊறியிருக்கும். டலோயோக்கில் வாழ்ந்து 1974இல் இளம் வயதிலேயே இறந்துபோன கரூ அஷேவாக், எலும்பின் துளைகளையும் சொரசொரப்பையும் மறைக்காமல் அவற்றிலிருந்தே ஆவிகளின் முகங்களை எடுத்தார்.

போலி எப்படி இருக்கும்

விமான நிலையங்களிலும் நினைவுப்பொருள் கடைகளிலும் கறுத்த பளபளப்பான குட்டிக் கரடிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் பல, ரெசின் என்ற செயற்கைப் பிசினோடு கல்பொடி கலந்து அச்சில் வார்த்தவை. அடுத்த அலமாரியிலும் அச்சு அசலாக அதே கரடி, அதே வளைவு என்றால் சந்தேகமே வேண்டாம். கையால் செதுக்கியவை இரண்டு ஒருநாளும் ஒன்றாக இருக்காது.

கையில் எடுங்கள். கல் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சி சட்டென்று போகாது. ரெசின் சீக்கிரம் கைச்சூட்டுக்கு வந்துவிடும். எடையும் காட்டிக்கொடுக்கும்: ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தை அடைக்கிற செர்பென்டைன் சுமார் இரண்டரை கிலோ இருக்கும். பக்கவாட்டில் அச்சு இணைந்த கோடு, காதின் மடிப்பில் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி, அடியில் ஒட்டிய ஃபெல்ட் துணி இவற்றைத் தேடுங்கள். ஃபெல்ட் இருந்தாலே போலி என்றில்லை. மேசை கீறாமலிருக்க வாங்கியவர் பிற்பாடு ஒட்டியிருக்கலாம். ஆனால் துணி எதையாவது மறைக்கிறதா என்று கேட்பது தப்பில்லை.

ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பழைய மெழுகுப் பூச்சிலும் தந்தத்திலும் அந்தத் தழும்பு என்றைக்கும் இருக்கும். கையும் கண்ணுமே போதும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். ‘ஆர்க்டிக் பாணி’, ‘கையால் முடித்தது’ என்று மட்டும் போட்டு, சிற்பியின் பெயரும் ஊரும் இல்லாவிட்டால் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: செதுக்கியவர் யார், எந்த ஊர்? நல்ல கடைக்காரர் இந்தக் கேள்வியை விரும்புவார். பனிவீட்டின் பக்கத்தில் பெங்குவின் நின்றால் எதுவும் கேட்கவே வேண்டாம், வட துருவப் பகுதியில் பெங்குவின் கிடையாது. இது வெறும் ஏமாந்துபோகிற விஷயமில்லை. குளிரில் வெளியே நின்று, முகமூடி கட்டிக்கொண்டு, கிரைண்டர் புழுதியில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் வருமானம் இந்த வார்ப்பு பொம்மைகளால் குறைகிறது.

இப்போது திருப்பிப் பாருங்கள்

அடிப்பக்கத்தில் மூன்று விதமான குறிகள் வரலாம். கிழக்கு ஆர்க்டிக்கிலும் நுனாவிக்கிலும் பலர் இனுக்டிடுட் மொழியின் அசையெழுத்துகளில் பெயரைக் கீறுவார்கள். முக்கோணமும் கொக்கியும் வளைவுமாக இருக்கும். மேற்குப் பகுதியில் ரோமன் எழுத்து. மூன்றாவது, ஈ7, ஈ9 (E7, E9) என்பதுபோல் தொடங்கும் ஓர் எண்.

அந்த எண்ணின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1940களின் தொடக்கத்தில் கனடா அரசு இனுயிட் மக்களின் பெயர்களைப் பதிவுசெய்யத் தெரியாமல், ஆளுக்கொரு எண் பொறித்த சின்ன வட்டவில்லையைக் கொடுத்தது. ஈ என்றால் கிழக்கு, டபிள்யூ என்றால் மேற்கு, அடுத்த இலக்கம் மாவட்டம். ஈ7 தெற்கு பேஃபின், ஈ2 பேக்கர் லேக், ஈ9 ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரை. 1970ஐ ஒட்டிக் குடும்பப்பெயர்கள் பதிவாகி, எண் முறை மெல்ல ஒழிந்தது. ஆகவே எண் இருந்தால் பெரும்பாலும் பழைய சிற்பம், எண்ணை வைத்துச் சிற்பியின் பெயரையும் கண்டுபிடிக்க முடியும். சேகரிப்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் ஒரு மனிதர் தம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணைக் கீறியிருக்கிறார் என்பதை நினைக்காமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை.

குறி எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். 1950களின் பல நல்ல சிற்பங்களில் கையெழுத்து இல்லை. அங்கேதான் முதலில் விலங்கையும் கல்லையும் பார்த்துப் பழகியது கைகொடுக்கும்.

நூலில் கட்டிய சீட்டு ஒன்று இருந்தால் அதில் பனிவீட்டுச் சின்னம் இருக்கிறதா பாருங்கள். இக்லூ டேக் என்ற இந்த வணிகச்சின்னத்தைக் கனடா அரசு 1958இல் பதிவுசெய்தது. 2017 முதல் இனுயிட் கலை அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. பழைய சீட்டுகளில் எஸ்கிமோ என்று அச்சிட்டிருக்கும். இன்று அப்படி யாரும் அவர்களை அழைக்கக் கூடாது, ஆனால் சீட்டின் வயதுக்கு அது ஒரு சான்று. சீட்டைக் கத்தரித்து எறிந்துவிடாதீர்கள். ஒரு உறையில் போட்டு ரசீதோடு வையுங்கள். சீட்டு இல்லாததால் மட்டும் போலி ஆகிவிடாது, நூல் அறுந்துபோவது சகஜம்.

பார்ப்பது என்பது

இன்று நாம் பார்க்கும் சிற்பக்கலை வேகமெடுத்தது 1948க்குப் பிறகு. ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற ஓவியர் அந்த ஆண்டு நுனாவிக்கின் இனுக்ஜுவாக் ஊருக்குப் போய், அங்கே பார்த்த சிறு சிற்பங்களைக் கொண்டுவந்து காட்டினார். 1949 நவம்பரில் மொன்றியலில் கனடியக் கைவினைச் சங்கம் நடத்திய விற்பனையில் எல்லாம் மூன்றே நாளில் தீர்ந்தன. ஆனால் கை அதற்கும் வெகு முந்தையது. இனுயிட் மூதாதையரான தூலே மக்கள் தந்தத்தில் சின்ன நீந்தும் பறவைகளைச் செய்தார்கள். அவர்களுக்கும் முன்பு அங்கே வாழ்ந்த டோர்செட் மக்கள் கட்டைவிரல் அளவில் தந்தக் கரடி செய்து, உடல்மேல் எலும்புக்கூட்டின் கோடுகளைக் கீறினார்கள். முகாம் விட்டு முகாம் போகிறவர்களுக்குக் கைக்குள் அடங்கும் பொருள்தான் ஒத்துவரும். அதனால் பழைய உருவங்கள் பலவற்றுக்கு இதுதான் முன்பக்கம், இதுதான் அடி என்று கிடையாது. உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கச் செய்தவை அவை.

இன்றைய கல்லையும் அப்படியே பார்க்கச் சொல்வேன். அனுமதி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். தோள் எலும்பு எங்கே, கொழுப்பு எங்கே என்று விரலுக்குத் தெரிகிறதா? வேட்டையாடிய விலங்கை அறுத்துப் பங்கிட்ட அனுபவம் உள்ள கை செதுக்கியது என்றால் தெரியும். தொட முடியாத இடத்தில் பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் பாருங்கள். வின்னிபெக்கில் 2021 மார்ச்சில் திறந்த இனுயிட் கலைக்கான கௌமாயுக் மையத்தில் மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகத்துக்குள் ஆயிரக்கணக்கான சிற்பங்கள் நிற்கின்றன. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தேடிப் போங்கள். இன்றைக்குச் சீல் என்றால் சீல் மட்டும். அடுத்தமுறை ஆந்தை.

வீட்டுக்கு வந்த பிறகு

தலையையோ சிறகையோ பிடித்துத் தூக்காதீர்கள், உடைவதெல்லாம் அங்கேதான். ஒரு கை அடியில், ஒரு கை உடலில். தந்தத்தையும் எலும்பையும் வெயில் படும் ஜன்னலிலும் ஹீட்டர் காற்று வரும் இடத்திலும் வைத்தால், கனடாவின் வறண்ட குளிர்காலத்தில் விரிசல் விடும். தூசிக்கு மெல்லிய தூரிகை போதும், எலும்பில் தண்ணீர் படவே வேண்டாம்.

வாங்கும் முன் பழுதுபார்த்த இடம் இருக்கிறதா என்று புற ஊதா விளக்கில் பாருங்கள். ஒட்டிய பசை பெரும்பாலும் கல்லிலிருந்து மாறுபட்டு ஒளிரும். தலையில் இரண்டு சின்னத் துளை தெரிந்தால் அங்கே கொம்பு இருந்தது, வாயோரம் தெரிந்தால் தந்தம் இருந்தது. விலை பேசும்போது சொல்லவேண்டிய விஷயம் அது.

எல்லை தாண்டி அனுப்புவதற்கு முன் சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், கனடாவிலிருந்து வால்ரஸ் தந்தமும் திமிங்கில எலும்பும் உள்ளே வருவதைப் பொதுவாகத் தடுக்கிறது. கல்சிற்பத்தில் பதித்த குட்டித் தந்தமும் இதில் சேரும். மற்ற நாடுகளுக்கு அனுப்ப, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் அனுமதி வேண்டியிருக்கும். பெட்டி கட்டும்போது, பசையிட்டு ஒட்டாத கொம்புகளும் தந்தங்களும் இருந்தால் மெல்ல உருவி எடுங்கள். இடம், வலம் என்று எழுதித் தனித்தனியாகத் தாளில் சுற்றி, அதே பெட்டிக்குள் சிற்பத்தின் எடை விழாத மூலையில் வையுங்கள். பெட்டியின் மேல் மடலில் ‘கொம்பு தனியே உள்ளது’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள், பிரிப்பவர் தாளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாமல் இருக்க.